மூடிய மேற்பரப்பினூடான மின்பாயம்: கவுசின் விதியை எந்த ஒழுங்கில் பயன்படுத்துவது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழ் மொழி மூலம் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நிலைமின்னியலில் அவர்கள் புள்ளியைக் கோட்டைவிடும் இடம் பெரும்பாலும் கவுசின் விதி. விதி கடினம் என்பதால் அல்ல, அது ஒரே வரி. செய்கிற ஒழுங்குதான் பிழைக்கிறது.

வினாவில் ஏற்றம் என்ற சொல்லைக் கண்டவுடன் கை தானாகக் கூலோமின் சூத்திரத்தை எழுதிவிடும். எழுதிய பிறகு ஆரையைத் தேடும். ஆரை இருக்காது. "சேர், தூரம் தரல்லையே, எப்பிடிச் செய்யிற?" என்று களுவாஞ்சிகுடியிலும் கேட்கிறார்கள், அக்கரைப்பற்றிலும் கேட்கிறார்கள். பாயம் கேட்கும் வினாவில் தூரத்தைத் தராமல் விட்டது மறதியால் அல்ல. அது தேவையே இல்லை.

மின்பாயம் என்பது ஒரு மேற்பரப்பை ஊடறுத்துப் போகும் மின்புலக் கோடுகளின் அளவு. விதி இவ்வளவுதான்:

மூடிய மேற்பரப்பினூடான மொத்த மின்பாயம் = உள்ளே அடங்கிய தேறிய ஏற்றம் ÷ எப்சைலன் நோட்

எப்சைலன் நோட் (ε₀) என்பது வெற்றிடத்துக்குரிய ஒரு மாறிலி. இதில் மேற்பரப்பின் வடிவம் இல்லை, பருமன் இல்லை, ஏற்றம் உள்ளே எந்த மூலையில் இருக்கிறது என்பதும் இல்லை. இனி ஒழுங்கைப் பார்ப்போம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளுக்குக் கணிப்பான் அனுமதியில்லை. ஆகவே பத்தின் அடுக்குகளைக் கூட்டிக் கழிக்கும் பழக்கம் முதலில் வேண்டும். இது இல்லாதவருக்கு விதி தெளிவாக விளங்கியிருந்தாலும் விடை வராது.

எப்சைலன் நோட்டின் பெறுமானம் 8.85 × 10⁻¹². இதனால் ஒவ்வொரு முறையும் வகுத்துக்கொண்டிருப்பதை விட அதன் தலைகீழைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நாலு பை எப்சைலன் நோட்டின் தலைகீழ் 9 × 10⁹ என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதை 4 பையால், அதாவது 12.57 ஆல் பெருக்கினால் 1.13 × 10¹¹. இதுதான் எப்சைலன் நோட்டின் தலைகீழ்.

இதிலிருந்து ஒரு வசதி கிடைக்கிறது. 1 நனோகூலோம் ஏற்றம் உள்ளே இருந்தால் பாயம் 113 நியூற்றன் மீற்றர்²/கூலோம். 4 நனோகூலோம் என்றால் 452. நனோவில் வரும் கணக்கு எல்லாம் 113 ஆல் பெருக்குவதோடு முடிந்துவிடும். மைக்ரோவில் வந்தால் 1.13 × 10⁵ ஆல் பெருக்க வேண்டும். நனோவையும் மைக்ரோவையும் மாறிப் படித்தால் விடை ஆயிரம் மடங்கு தள்ளிப் போகும். பல்தேர்வு வினாவில் அந்தப் பிழை விடையும் ஐந்து தெரிவுகளுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்தது பரப்பளவு. சதுர சென்ரிமீற்றரைச் சதுர மீற்றராக்க 10⁻⁴ ஆல் பெருக்க வேண்டும், 10⁻² ஆல் அல்ல. விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை இது.

2. கேட்பது பாயமா, புலச்செறிவா?

வினாவின் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். பாயத்தைக் கேட்டால் வேலை குறைவு. புலச்செறிவைக் கேட்டால் இன்னொரு படி இருக்கிறது, அந்தப் படிக்குச் சமச்சீர் கட்டாயம் வேண்டும்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "சமச்சீர் இல்லாவிட்டால் கவுசின் விதி பொருந்தாது" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது பிழை. உருளைக்கிழங்கு வடிவ மேற்பரப்புக்கும் விதி பொருந்தும். மொத்தப் பாயம் சரியாகவே வரும். சமச்சீர் இல்லாதபோது முடியாமல் போவது, அந்தப் பாயத்தை வைத்துக்கொண்டு ஒரு புள்ளியிலுள்ள புலச்செறிவைப் பிரித்தெடுப்பது மட்டும்தான்.

வினாத்தாளின் ஓரத்தில் "பாயம்" அல்லது "புலம்" என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ஐந்து செக்கன் வேலை. கூலோமின் சூத்திரத்துக்கு ஓடும் கையை அது பிடித்து நிறுத்தும்.

3. மேற்பரப்பை வரைந்து, மூடியதா என்று பாருங்கள்

கவுசின் மேற்பரப்பு என்பது நாம் கற்பனையில் வரைவது. அங்கே ஒரு பொருள் இருக்க வேண்டியதில்லை. கடத்தியின் மேற்பரப்பையும் கவுசின் மேற்பரப்பையும் ஒரே கோடாக வரைந்தால் பின்னால் எது உள்ளே, எது வெளியே என்று தெரியாது. பொருளைத் தொடர்கோட்டாலும் கவுசின் மேற்பரப்பை முறிகோட்டாலும் வரையுங்கள்.

மூடியது என்றால், உள்ளே இருந்து வெளியே போக வேண்டுமாயின் மேற்பரப்பை வெட்டித்தான் போக வேண்டும். கோளம், சதுரமுகி, இரு முனையும் அடைத்த உருளை மூடியவை. கிண்ணம், தட்டு, முனை திறந்த குழாய் மூடியவை அல்ல. அவற்றுக்கு விதியை நேரே போட முடியாது. என்ன செய்யலாம் என்பதை 7ஆம் பகுதியில் சொல்கிறேன்.

அடுத்து, ஒவ்வொரு முகத்திலும் வெளிநோக்கிய செவ்வனை, அதாவது முகத்துக்குச் செங்குத்தான கோட்டை, ஓர் அம்புக்குறியாகப் போடுங்கள். பாயத்தின் குறி இந்த அம்பில் தங்கியிருக்கிறது. புலக்கோடு வெளியே போனால் நேர், உள்ளே வந்தால் மறை. அம்பு போடாமல் செய்பவர்கள் எல்லா முகத்துக்கும் நேர்க்குறி போட்டுக் கூட்டிவிடுகிறார்கள்.

நம் பக்கத்து வயலை நினைத்தால் இந்தக் கணக்கு உடனே பிடிபடும். சுற்றிவர வரம்பு கட்டிய ஒரு வயல். ஒரு வக்கடையால் தண்ணீர் வருகிறது, இன்னொரு வக்கடையால் போகிறது. நீர்மட்டம் ஏறாமல் இறங்காமல் நிற்கிறது. அப்படியானால் வந்ததும் போனதும் சமன், தேறிய அளவு பூச்சியம். வயலுக்கு உள்ளேயே ஒரு குழாய்க்கிணற்றில் மெஷின் இறைத்துக்கொண்டிருந்தால் வந்ததை விடப் போவது கூடும். உள்ளே ஒரு நண்டு வளை தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தால் போவது குறையும். பக்கத்து வயலில் எத்தனை மெஷின் ஓடினாலும் அந்தத் தண்ணீர் ஒரு வக்கடையால் வந்து மற்றதால் போய்விடும். மெஷின் நேர் ஏற்றம், நண்டு வளை மறை ஏற்றம், பக்கத்து வயல் வெளியேயுள்ள ஏற்றம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மின்பாயத்தில் உண்மையில் எதுவும் ஓடுவதில்லை. வரவு செலவுக் கணக்கு மட்டும்தான் ஒன்று.

4. உள்ளே, வெளியே என்று இரண்டு நிரல்

வினாவில் தந்த ஏற்றங்களை இரண்டு நிரலாகப் பிரித்து எழுதுங்கள். குறியையும் சேர்த்து எழுதுங்கள்.

ஓர் உதாரணம். ஒழுங்கற்ற மூடிய மேற்பரப்பு ஒன்றினுள் +6 நனோகூலோமும் −2 நனோகூலோமும் இருக்கின்றன. வெளியே சற்றுத் தள்ளி +10 நனோகூலோம். மொத்தப் பாயம் என்ன?

உள்ளே: +6, −2. தேறியது +4. வெளியே: +10, கணக்கில் இல்லை.
பாயம் = 4 × 113 = 452 நியூற்றன் மீற்றர்²/கூலோம்.

இதில் மூன்று விதமாகப் பிழைக்கலாம். +10 ஐயும் கூட்டி 14 என்பவர் உண்டு. குறியைப் பார்க்காமல் 6 உம் 2 உம் 8 என்பவர் உண்டு. மூன்றாவது ஆள்தான் கொஞ்சம் வித்தியாசம்: 452 ஐச் சரியாக எடுத்துவிட்டு, மேற்பரப்பு சதுரமுகியாக இருந்தால் "6 முகம்" என்று 6 ஆல் பெருக்குவார். விதி தருவது ஏற்கெனவே மொத்தம். அதைப் பிரிக்கலாம், பெருக்கக்கூடாது.

விடை பூச்சியமாக வந்தால் பதற வேண்டாம். இருமுனைவு ஒன்றை, அதாவது சமனான நேர், மறை ஏற்றச் சோடியை, முழுதாக அடக்கிய மேற்பரப்பில் தேறிய ஏற்றம் பூச்சியம், மொத்தப் பாயமும் பூச்சியம். ஆனால் மேற்பரப்பில் புலச்செறிவு பூச்சியமல்ல. சில இடத்தில் கோடுகள் வெளியே போகின்றன, சில இடத்தில் உள்ளே வருகின்றன. "பாயம் பூச்சியம், ஆகவே புலமும் பூச்சியம்" என்ற கூற்றைச் சரியென்று தெரிவு செய்தால் ஒரு பல்தேர்வு வினா போய்விட்டது. "பாயம் பூச்சியம், ஆகவே உள்ளே ஏற்றமே இல்லை" என்பதும் அப்படித்தான். சரியான கூற்று ஒன்றே: உள்ளேயுள்ள தேறிய ஏற்றம் பூச்சியம்.

5. முகம் முகமாகக் கூட்ட வேண்டி வந்தால்

சில வினாக்களில் ஏற்றம் தரப்பட்டிருக்காது, புலச்செறிவு தரப்பட்டிருக்கும். அப்போது எதிர்த் திசையில் போக வேண்டும்: முகங்களின் பாயத்தைக் கண்டு, கூட்டி, எப்சைலன் நோட்டால் பெருக்கி ஏற்றத்தைக் காண வேண்டும்.

ஒரு தட்டை முகத்தினூடான பாயம் = புலச்செறிவு × பரப்பளவு × கோணத்தின் கோசைன். இங்கே கோணம் என்பது புலத்துக்கும் செவ்வனுக்கும் இடைப்பட்டது. புலத்துக்கும் முகத்துக்கும் இடைப்பட்டது அல்ல. வினாவில் "புலத்துடன் 30° சாய்ந்த தட்டு" என்று வந்தால் செவ்வனுடனான கோணம் 60°. புலச்செறிவு 400 நியூற்றன்/கூலோம், பரப்பளவு 0.5 மீற்றர்² எனின் பாயம் 400 × 0.5 × 0.5 = 100. கோசைன் 30° போட்டவருக்கு 173 வரும். செவ்வனை வரைந்திருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை.

இப்போது 0.2 மீற்றர் பக்கமுள்ள சதுரமுகி. சீரான புலம் 500 நியூற்றன்/கூலோம், இடமிருந்து வலம், இரண்டு முகங்களுக்குச் செங்குத்தாக. முகத்தின் பரப்பளவு 0.04. இடது முகத்தில் புலம் உள்ளே வருகிறது: −20. வலது முகத்தில் வெளியே போகிறது: +20. மற்ற நான்கு முகங்களிலும் புலம் முகத்துக்குச் சமாந்தரம், ஆகவே பூச்சியம். கூட்டினால் பூச்சியம், உள்ளே தேறிய ஏற்றம் இல்லை.

அதே சதுரமுகியில் புலத்தின் திசை அதுவேயாகி, இடது முகத்தில் 100, வலது முகத்தில் 300 நியூற்றன்/கூலோம் என்றால்? −4 உம் +12 உம் சேர்ந்து +8. உள்ளேயுள்ள ஏற்றம் 8 × 8.85 × 10⁻¹² = 7.1 × 10⁻¹¹ கூலோம். புலம் போகும் வழியில் அதன் திசையிலேயே கூடிக்கொண்டு போகிறது என்றால், வழியில் எங்கோ நேர் ஏற்றம் பரவிக் கிடக்கிறது என்று பொருள். இதை எண் போடும் முன்பே ஊகிக்கப் பழகினால் குறிப்பிழை உங்கள் கண்ணிலேயே தட்டுப்படும்.

6. ஒரு முகத்தின் பாயம் மட்டும் கேட்டால்

இந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். விதி மொத்தத்தைத்தான் தரும். பங்கு பிரிப்பது சமச்சீரின் வேலை.

ஏற்றம் சதுரமுகியின் சரி நடுவில் இருந்தால் ஆறு முகங்களும் அதற்கு ஒரே மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஆறில் ஒரு பங்கு. நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் மொத்தம் மாறாது, ஆனால் பங்கு மாறிவிடும். ஆறால் வகுக்கும் முன் "நடுவில்" என்ற சொல் வினாவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றம் உச்சியில் இருந்தால்? ஒரே அளவான எட்டு சவர்க்காரப் பெட்டிகளை எடுங்கள். கீழே நான்கு, அவற்றின் மேலே நான்கு, ஒன்றோடொன்று ஒட்ட அடுக்குங்கள். எட்டுப் பெட்டிகளின் மூலைகளும் நடுவில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஏற்றம் அங்கே இருக்கிறது. பெரிய பெட்டிக்கு அது சரி நடு. மொத்தப் பாயம் எட்டுப் பெட்டிகளுக்கும் சமமாகப் போகிறது. ஆகவே ஒரு பெட்டிக்கு எட்டில் ஒன்று.

இப்போது ஒரு பெட்டியை மட்டும் கையில் எடுத்து, அந்த மூலையைத் தொடும் மூன்று முகங்களைப் பாருங்கள். ஏற்றத்திலிருந்து புறப்படும் கோடுகள் இந்த முகங்களின் தளத்திலேயே வழுக்கிக்கொண்டு போகின்றன, அவற்றை வெட்டுவதில்லை. ஆகவே அவற்றின் பாயம் பூச்சியம். எட்டில் ஒரு பங்கு முழுவதும் எதிர்ப்பக்க மூன்று முகங்களால் வெளியே போகிறது. சதுரமுகி என்றால் இந்த மூன்றும் சமன், ஒவ்வொன்றுக்கும் இருபத்து நான்கில் ஒன்று. சவர்க்காரப் பெட்டி சதுரமுகி அல்ல. அதில் எட்டில் ஒன்று என்பது சரி, இருபத்து நான்கில் ஒன்று என்பது பிழை, ஏனென்றால் மூன்று முகங்களும் ஒரே அளவு இல்லை. இந்த வித்தியாசம் விளங்கிவிட்டால் சமச்சீர் எங்கே வேலை செய்கிறது என்பது முழுதும் விளங்கிவிட்டது.

உச்சிக்கு எட்டுப் பெட்டி போலவே, ஏற்றம் விளிம்பின் நடுவில் இருந்தால் நான்கு சதுரமுகிகள், பங்கு நான்கில் ஒன்று. முகத்தின் நடுவில் இருந்தால் இரண்டு சதுரமுகிகள், பங்கு பாதி. கடைசியாகச் சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. பாதிப் பங்கு மீதி ஐந்து முகங்களால் போகிறது, ஆனால் அந்த ஐந்தும் சமன் அல்ல. எதிர் முகம் ஒன்று, பக்க முகங்கள் நான்கு, ஏற்றத்திலிருந்து இவற்றின் அமைவு வேறு வேறு. பாதியை ஐந்தால் வகுத்தால் விடை பிழை.

ஏன் இவ்வளவு சுற்றி வர வேண்டும், நேரே விதியைப் போடலாமே என்று கேட்கலாம். புள்ளி ஏற்றம் மேற்பரப்பின் மேலேயே இருந்தால் அது உள்ளேயா வெளியேயா என்று சொல்ல முடியாது. பெட்டிகளை அடுக்கி அதை முழுதாக உள்ளே கொண்டுவந்த பிறகுதான் விதிக்குப் பிடி கிடைக்கிறது.

7. திறந்த மேற்பரப்பு வந்தால் மூடி போடுங்கள்

அரைக்கோளக் கிண்ணம் ஒன்றின் அச்சு வழியே சீரான புலம், வளைந்த பகுதியினூடான பாயம் என்ன என்று கேட்பார்கள். வளைந்த பகுதியில் இடத்துக்கு இடம் கோணம் மாறுவதால் சிலர் தொகையீடு செய்யப் புறப்படுகிறார்கள். தேவையில்லை. வாயை ஒரு வட்டத் தட்டால் மூடுங்கள். மூடிய மேற்பரப்பாகிவிட்டது, உள்ளே ஏற்றம் இல்லை, மொத்தம் பூச்சியம். வட்டத் தட்டால் உள்ளே வந்தது எல்லாம் வளைந்த பகுதியால் வெளியே போகிறது.

ஆரை 0.1 மீற்றர், புலச்செறிவு 200 நியூற்றன்/கூலோம் என்றால் 200 × 3.14 × 0.01 = 6.28. வளைந்த பகுதியின் பரப்பளவான 2 பை ஆரை² ஐப் போட்டவருக்கு இதன் இருமடங்கு வரும். அந்தப் பரப்பளவு முழுவதும் புலத்துக்குச் செங்குத்தாக இல்லை.

போட்ட மூடியின் பாயத்தைக் கடைசியில் கழிக்க மறப்பது இந்த வகையில் வரும் இன்னொரு பிழை. மூடி நம்முடையது, வினாவினுடையது அல்ல.

8. கடத்தி இருந்தால்

நிலைமின் சமநிலையில் கடத்தியின் உலோகத்துக்குள் புலச்செறிவு பூச்சியம். இதிலிருந்துதான் எல்லாம் வருகிறது, ஆகவே விடையின் முதல் வரியில் இதை எழுதிவிடுங்கள்.

தடிப்பான கடத்திக் கோளவோடு ஒன்றின் தேறிய ஏற்றம் −3 நனோகூலோம். அதன் குழியின் நடுவில் +5 நனோகூலோம் புள்ளி ஏற்றம், ஓட்டைத் தொடாமல். மூன்று கவுசின் கோளங்கள் வரைவோம்.

குழிக்குள்: உள்ளே +5 மட்டும். பாயம் 565.

உலோகத்துக்குள்: புலம் பூச்சியம், ஆகவே பாயம் பூச்சியம், ஆகவே உள்ளே தேறிய ஏற்றம் பூச்சியம். நடுவில் +5 இருப்பதால் ஓட்டின் உட்புறத்தில் −5 இருந்தே ஆக வேண்டும். இந்த "ஆகவே"க்களின் ஒழுங்கு முக்கியம். கட்டுரை வினாவில் −5 என்று விடையை மட்டும் எழுதாமல் காரணத்தையும் இந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள்.

வெளியே: ஓட்டின் மொத்தம் −3. உட்புறத்தில் −5 போனால் வெளிப்புறத்தில் +2. பாயம் 226. +5 உம் −3 உம் சேர்ந்தாலும் +2 தான் வருகிறது, சரிபார்த்துக்கொள்ளலாம்.

இங்கே சறுக்குபவர்கள் ஓட்டின் −3 ஐ உட்புறத்தில் வைத்துவிட்டு வெளிப்புறத்தை வெறுமையாக விடுகிறார்கள். உலோகத்துக்குள் ஒரு முறிகோட்டு வட்டம் வரைந்தால் 5 உம் −3 உம் பூச்சியம் ஆகாது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

9. பாயத்திலிருந்து புலச்செறிவுக்கு

இதற்குத்தான் சமச்சீர். மேற்பரப்பை, புலம் செங்குத்தாக வெட்டும் இடமெல்லாம் ஒரே பருமனுள்ளதாகவும், மற்ற இடங்களில் புலம் முகத்துக்குச் சமாந்தரமாகவும் இருக்கும்படி தெரிவு செய்ய வேண்டும். அப்போதுதான் பாயம் = புலச்செறிவு × பரப்பளவு என்று எழுத முடியும்.

புள்ளி ஏற்றத்துக்கும் கோளத்துக்கும் ஒருமையக் கோளம். பரப்பளவு 4 பை ஆரை². சீராக ஏற்றப்பட்ட காவலிக் கோளத்தின் உள்ளே புலச்செறிவு கேட்டால் முழு ஏற்றத்தையும் போடக்கூடாது, கவுசின் கோளத்துக்குள் அகப்பட்டதை மட்டும் போட வேண்டும். கோளத்தின் ஆரை 0.2 மீற்றர், ஏற்றம் 8 நனோகூலோம். 0.1 மீற்றர் ஆரையில் கனவளவு எட்டில் ஒன்று, ஆகவே ஏற்றம் 1 நனோகூலோம், பாயம் 113. பரப்பளவு 0.1257 ஆல் வகுக்க ஏறத்தாழ 900 நியூற்றன்/கூலோம். ஆரை பாதியென்றால் ஏற்றமும் பாதி என்று நினைப்பது இங்கே வரும் வழக்கமான பிழை.

நீண்ட நேர்க் கம்பிக்கு உருளை. இரு முனை வட்டங்களிலும் புலம் முகத்துக்குச் சமாந்தரம், அவற்றின் பங்கு பூச்சியம். வளைந்த பகுதியை மட்டும் எடுங்கள். மீற்றருக்கு 2 நனோகூலோம் ஏற்றமுள்ள கம்பியைச் சுற்றி 0.5 மீற்றர் நீளமும் 0.1 மீற்றர் ஆரையும் உள்ள உருளை. உள்ளே 1 நனோகூலோம், பாயம் 113. வளைந்த பரப்பளவு 2 × 3.14 × 0.1 × 0.5 = 0.314. புலச்செறிவு 360 நியூற்றன்/கூலோம். 0.5 மீற்றர் என்ற நீளத்தை நாமாகத்தான் தெரிவு செய்தோம். வேறு நீளம் போட்டாலும் 360 தான் வரும், ஏனென்றால் மேலும் கீழும் வெட்டுப்பட்டுவிடும்.

அதே கம்பியில் மையம் வைத்து 0.1 மீற்றர் ஆரையுள்ள கோளம் போட்டால்? உள்ளே 0.2 மீற்றர் கம்பி, 0.4 நனோகூலோம், பாயம் 45. பாயம் சரி. ஆனால் கோளத்தின் மேல் புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் 45 ஐப் பரப்பளவால் வகுத்து எதையும் சொல்ல முடியாது.

முடிவிலித் தளத்துக்கு, தளத்தை ஊடறுத்து நிற்கும் சிறிய உருளை. இங்கே இரண்டு சூத்திரம் இருப்பதாக மனப்பாடம் செய்து பரீட்சையில் மாற்றி எழுதுகிறார்கள்: ஒன்றில் கீழே 2 இருக்கிறது, மற்றதில் இல்லை. மனப்பாடத்தை விட்டுவிட்டு உருளையின் முனைகளை எண்ணுங்கள். மெல்லிய ஏற்றத் தளத்தில் இரு முனையாலும் புலம் வெளியே போகிறது, ஆகவே 2 வரும். கடத்தியின் மேற்பரப்பில் ஒரு முனை உலோகத்துக்குள் இருக்கிறது, அங்கே புலமில்லை, ஒரு முனை மட்டும்தான், ஆகவே 2 வராது.

10. விடையில் கோடு போடும் முன்

குறியைப் பாருங்கள்: உள்ளே தேறிய ஏற்றம் மறை என்றால் பாயமும் மறை. அலகைப் பாருங்கள்: பாயத்துக்கு நியூற்றன் மீற்றர்²/கூலோம், வோல்ற்று மீற்றர் என்றாலும் அதுவே. பாயத்தின் விடைக்குள் ஆரை மிஞ்சியிருந்தால், ஏற்றம் அடர்த்தியாகவோ, ஏற்றத்துக்குப் பதில் புலச்செறிவோ தரப்பட்டிருந்தாலன்றி, எங்கோ கூலோமின் சூத்திரம் உள்ளே நுழைந்திருக்கிறது.

செய்து பார்க்க இரண்டு வினா. 0.1 மீற்றர் பக்கமுள்ள சதுரமுகி. மீற்றருக்கு 6 நனோகூலோம் ஏற்றமுள்ள மிக நீண்ட மெல்லிய கம்பி, (அ) சதுரமுகியின் ஓர் உச்சியிலிருந்து எதிர் உச்சி வரை உள்ளூடாகப் போகிறது, (ஆ) சதுரமுகியின் ஒரு விளிம்பு வழியே போகிறது. ஒவ்வொன்றிலும் மொத்தப் பாயம் என்ன?

(அ) இல் உள்ளே அகப்பட்ட கம்பியின் நீளம் 0.173 மீற்றர், ஏற்றம் 1.04 நனோகூலோம், பாயம் ஏறத்தாழ 117. (ஆ) இல் விளிம்பைச் சுற்றி நான்கு சதுரமுகிகளை அடுக்க வேண்டும். 0.6 நனோகூலோமில் நான்கில் ஒன்று 0.15, பாயம் ஏறத்தாழ 17.